வாசலில் பச்சை

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவே என் அம்மாவின் வாய்க்குப் பயப்படும். அந்த வாய் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஜவ்வாது மலையில், வேங்கைப்பட்டு என்கிற சின்ன ஊரில், அங்கன்வாடி நடத்துகிறேன். புதூர்நாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் ஜீப் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடை. ஊரில் என்னை யாரும் ரேணுகாதேவி என்று கூப்பிடுவதில்லை, டீச்சர் என்பார்கள். நான் இல்லாதபோது என்ன சொல்கிறார்களோ, அதை நான் விசாரிக்கப் போனதில்லை.

எங்கள் மையம் ஒரு பலாமரத்துக்கு அடியில் இருக்கிறது. மரம் என்றால் சாதாரண மரமில்லை. கூரையையும் வாசலையும் சேர்த்து மூடிக்கொண்டு நிற்கிறது. உச்சி நேரத்திலும் வாசலில் வெயில் படாது. வெயில் படாத மண்ணில் புல் வராது, புல் இல்லாத மண் மழைக்கு நிற்காது. வாசலைத் தாண்டினால் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை. ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசலின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு கோடை மழையில் நாங்கள் கொடியேற்றும் கம்பமும் போய்விட்டது. காலையில் வந்து பார்த்தால் கம்பம் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

கம்பம் போன பிறகுதான் ஆனந்தி மேடம் வந்தார். எங்கள் சூப்பர்வைசர். நல்ல மனுஷி, அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பிறகு ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"ரேணுகா, ஒரு குழந்தை இதுல உருண்டு போச்சுன்னா நீயும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அடுத்த வருஷ மழைக்கு முன்னாடி வந்து பாக்கறேன். மண்ணு இப்படியேதான் இருக்கும்னா, சென்டரை ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல சேர்த்துடலாம்னு எழுதிடுவேன். என் மேல கோபப்படாதே."

கோபப்படாமல் எப்படி இருப்பது. ஓடைக்கு அந்தப் பக்கம் என்று வாயால் சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் பெரிய ஆட்களே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் அந்த ஓடையைக் கடப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் போகும்? போகாது. வீட்டிலேயே கிடக்கும், அல்லது அம்மாவோடு காட்டுக்குப் போகும். மையம் வருவதற்கு முன்னால் அப்படித்தான். சாமைக் காட்டில் களை எடுக்கிற பெண்கள், பிள்ளையின் இடுப்பில் சேலைத் துணியைச் சுற்றி மரத்து வேரில் கட்டிவிட்டு வேலை செய்வார்கள். மையத்தில் எனக்கு உதவிக்கு இருக்கிற பச்சையம்மா தன் மூத்த மகளை அப்படிக் கட்டிவைத்திருந்தாளாம். கட்டெறும்பு ஏறி, மாலையில் பார்க்கும்போது பிள்ளையின் கால் இரண்டும் வீங்கியிருந்ததாம். அவளுடைய கடைக்குட்டி பூஜா இப்போது எங்கள் மையத்தில்தான் இருக்கிறாள். மையம் போனால் பூஜாவின் இடுப்பிலும் சேலைத் துணி ஏறும்.

தடுப்புச் சுவர் கட்டித்தரும்படி கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமை நான் எத்தனையோ காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று கண்ணமங்கலத்திலிருந்து அருகம்புல் கொண்டுவந்து வைத்தேன். நிழலில் வெளுத்து, இழுத்து, ஒரு மாதத்தில் செத்தது. திருப்பத்தூரில் ஒரு செடிக்கடைக்காரர் மஞ்சள் பூ பூக்கிற படர்கொடி ஒன்றைக் காட்டினார். நிழலிலும் வரும், சும்மா பிய்த்துக்கொண்டு படரும் என்றார். பிள்ளைகள் வாயில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். என் பிள்ளைகள் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறவர்கள். வாசலில் எதை வைத்தாலும் மாலைக்குள் ருசி பார்த்துவிடுவார்கள். தின்றால் கெடுதல் செய்யாத செடியாக, நிழலில் வருவதாக, தரையோடு தரையாகப் படர்வதாக வேண்டும். ஜீப்பில் மலை ஏறும்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் ஓடை வளைவில், நிழலும் ஈரமுமாக இருக்கிற இடத்தில், வல்லாரை பாய் விரித்தது போலக் கிடக்கிறது.

போன வருஷம் ஆடியில் அங்கிருந்து கொடிகளை அள்ளிவந்தேன். வல்லாரைக்கு விதையெல்லாம் தேவையில்லை. கொடியில் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொடுகிற மாதிரி வைத்து, ஈர்க்குச்சியை வளைத்துக் கொண்டை ஊசி மாதிரி குத்திவிட்டேன். ஒரு சாண் தள்ளி அடுத்தது. பிள்ளைகள் கை கழுவுகிற தண்ணீரும் தட்டு கழுவுகிற தண்ணீரும் அதுவரை வாசலைச் சேறாக்கிக்கொண்டிருந்தன. ஒரு வாய்க்கால் கீறி அந்தத் தண்ணீரைச் செடிப் பக்கம் திருப்பிவிட்டேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. செத்தது போலக் கிடந்தது. தினமும் அதன் முன்னால் நின்று திட்டினேன். திட்டுக்குப் பயந்ததோ என்னவோ, அந்த வருஷ மழை முடிவதற்குள் இரண்டு முறம் அகலத்துக்குப் படர்ந்தது. கோடையில் தட்டு கழுவின தண்ணீரைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் ஆடி மழை விழுந்ததும் பார்க்க வேண்டுமே அதன் ஓட்டத்தை. வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டுப் போனால் திங்கட்கிழமை இன்னொரு கை நீளம் போயிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் வாசலின் ஓரம் முழுக்கப் பச்சை. விளிம்பைத் தாண்டிச் சரிவிலும் கால் வைத்துவிட்டது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், மண் என் கையோடு வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

ஆனால் இதற்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். முதல் எதிரி பச்சையம்மாவின் விளக்குமாறு. பலா இலை கொட்டிக்கொண்டே இருக்கும். அது செடியின்மேல் கிடந்தால் செடி மூச்சு முட்டிச் சாகும், விளக்குமாற்றால் இழுத்தால் இளங்கொடி வேரோடு வந்துவிடும். இலையைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். பச்சையம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"இன்னா டீச்சரு, வாசலப் பெருக்க வாணாம்ன்றீங்க. வாசல்ல பச்சை மொளைச்சா அந்த வூட்ல ஆளு இல்லன்னுல்ல அர்த்தம்."

"உன் வூட்டுக்கு அது அர்த்தம். இது சென்டர். விளக்குமாத்த உள்ள வை."

"பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"இன்னா வேணா நெனைக்கட்டும். சொன்னதச் செய்க்கா."

உள்ளே வைத்தாள். நான் ஒளித்து வைத்தேன். அவள் கண்டுபிடித்தாள். நான் மறுபடியும் ஒளித்து வைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது எதிரி, திருடிகள். பிள்ளையைக் கூப்பிட வருகிற அம்மாக்கள் குனிவார்கள். பிள்ளையின் கையைப் பிடிப்பது போல இருக்கும், நிமிரும்போது முந்தானையில் ஒரு கொடி இருக்கும். சரிதா என்று ஒரு பெண், எங்கள் மையத்துக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிறவள், இதில் கெட்டிக்காரி. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"இன்னா சரிதா, இது இன்னா உன் கொல்லையா? துவையல் அரைக்க வேற எடம் கெடைக்கலியா?"

"இல்ல டீச்சரு, சும்மா ஒரு கணு."

"ஆளுக்கு ஒரு கணுன்னு ஊரே கிள்ளினா இங்க இன்னா மிஞ்சும்?"

மறுநாள் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டேன். அப்படியும் குறைந்தபாடில்லை. திட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்தது. ஆனந்தி மேடம் வருகிற நாளைச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய், மேடம் வருகிறார், மையம் இங்கே இருப்பதா போவதா என்பது அன்றைக்குத்தான் தெரியும், எல்லோரும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்புங்கள் என்று சொன்னேன். அதற்கு முதல்நாள் எனக்குத் திருப்பத்தூரில் கூட்டம். மையத்தைப் பச்சையம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசலின் பச்சையைப் பார்த்ததும் மேடத்தின் முகம் எப்படி மாறும் என்பதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை முதல் ஜீப்பைப் பிடித்தேன். இறங்கி மேடு ஏறும்போதே பச்சைச் சாணி வாசனை வந்தது. ஏதோ வீட்டில் விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலே ஏறிப் பார்த்தால் விசேஷம் எங்கள் மையத்தில்தான். ஊரே நிற்கிறது. கதவில் மாவிலைத் தோரணம். வாசல் முழுக்க, ஒரு புல் இல்லை, ஒரு இலை இல்லை. மண்வெட்டியால் செதுக்கி, சாமை அடிக்கிற களத்தை மெழுகுவது போல மெழுகி, நடுவில் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். பச்சையம்மாவின் புருஷன் அர்ச்சுனன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"செடி எங்க?" என்றேன். எனக்கு வந்த வார்த்தை அவ்வளவுதான்.

"எதையும் வீணாக்கல டீச்சரு," என்றாள் பச்சையம்மா. "இலையெல்லாம் கிள்ளித் துவையல் அரைச்சுட்டேன். மத்தியானம் மேடத்துக்கு சோத்துக்கு ஆவும். தண்டு வேரெல்லாம் சரிவுல கொட்டியாச்சு."

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு வாய் திறந்தது. என்னென்ன பேசினேன் என்று முழுசாக எழுத முடியாது. ஒரு வருஷத்துக்கு மேலாக உயிரைக் கொடுத்து வளர்த்ததை ஒரே சாயந்தரத்தில் செதுக்கி எறிந்துவிட்டீர்களே, இந்தச் செடி ஒன்றுதானே மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது, மேடம் பார்க்க வருவது இந்த மண்ணைத்தானே, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்துபோய் அம்மாக்களின் காலைக் கட்டிக்கொண்டார்கள். அர்ச்சுனனின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"எங்களுக்கு எப்டி டீச்சர் தெரியும்?" என்றார் மெதுவாக. "கீரைக்குன்னுதான் வளக்கறீங்கன்னு நெனச்சோம். பெரிய எடத்துல இருந்து ஆளு வர்றாங்க. வாசல்ல பச்சை இருந்தா இன்னா நெனப்பாங்க? ஆளு பொழங்காத எடம்னு எழுதிட்டு, சென்டர அந்தாண்ட தூக்கினு போயிடுவாங்க. அதான் நேத்து காட்டுல இருந்து வந்த கையோட எல்லாரும் எறங்கிட்டோம். சென்டரு போயிடக் கூடாதுன்னுதான்."

சென்டர் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் நான் நட்டேன். அதே காரணத்துக்காகத்தான் இவர்கள் செதுக்கினார்கள். யாரைத் திட்டுவது? மண் எதற்கு, செடி எதற்கு என்று இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதேன். ஊர் முன்னால் அழுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

பிறகு சரிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சரு, ஒண்ணு சொல்வேன். திட்டக் கூடாது."

"சொல்லு."

"இந்தச் செடிதான வோணும்? எங்க கொல்லையில கீது."

நான் முந்தானையை விலக்கிப் பார்த்தேன்.

"குளிக்கிற தண்ணி போற எடத்துல ஒரு கணு வெச்சேன். இப்ப கொல்லை பூரா அதான். பலாமரத்து நெழல்ல நல்லா வருது."

"எங்க வூட்டாண்டயும் கீது," என்றாள் இன்னொருத்தி, தரையைப் பார்த்தபடி.

"எங்களுதுலயும்தான்."

வரிசையாகச் சொன்னார்கள், ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வது மாதிரி. கடைசியில் நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

"உன் கொல்லையிலயுமா?"

"வாசல் வேற, கொல்லை வேற டீச்சரு. கொல்லையில பச்சை இருக்கலாம்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அத்தனை திருடிகளும் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நான் முள் போட்டுத் தடுத்த செடி, முள்ளைத் தாண்டி ஊர் முழுக்கப் போய் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து, அடை அடையாகக் கொண்டுவந்தார்கள். மெழுகின வாசலை அர்ச்சுனனே மறுபடியும் கொத்தினார். விளிம்பில் ஆண்கள் நின்று அடையை வாங்கி வைத்து, காலால் அழுத்தினார்கள். நான் ஈர்க்குச்சியை ஒடித்து ஒடித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் குளித்த உடம்போடு சேற்றில் இறங்கிவிட்டார்கள். பூஜாவின் புதுக் கவுன் என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

பாதி வாசல்தான் முடிந்திருந்தது. மேட்டின் முனையில் ஆனந்தி மேடத்தின் குடை தெரிந்தது.

அவர் வந்து நின்றார். சேற்றுக் கையோடு நிற்கிற ஊரைப் பார்த்தார். பாதி மண்ணும் பாதிப் பச்சையுமாகக் கிடக்கிற வாசலைப் பார்த்தார். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செதுக்கினதையும் சொன்னேன், திருட்டையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ரேணுகா, நீ சொல்றத நம்பறேன். ஆனா இன்னிக்குக் காலையில நட்டதை வெச்சு நான் என்ன எழுத முடியும்? நாளைக்கே மழை பிடிச்சுக்கிட்டா இது எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். இது மண்ணைப் பிடிக்கும்னு நான் எதை வெச்சுச் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். என் வாய் எனக்கு உதவாமல் போனது அன்றைக்கு இரண்டாம் தடவை.

சரிதாதான் முன்னால் வந்தாள். "மேடம், எங்க கொல்லைக்கு வர்றீங்களா?"

"எதுக்கும்மா?"

"வந்து பாருங்க."

போனோம். ஊரே பின்னால் வந்தது. சரிதாவின் வீடு எங்கள் மையத்தைவிட மோசமான சரிவில் நிற்கிறது. குளிக்கிற தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சேர்ந்து கொல்லையை அறுத்து, சுவர் அடிக்கல் வெளியே தெரிந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அந்த அடிக்கல்லைக் காணவில்லை. கல்மேல் ஏறி, சரிவில் இறங்கி, ஓட்டை தெரியாமல் வல்லாரை மூடியிருந்தது. மேலிருந்து வந்த வண்டல் மண் அதற்குள் சிக்கி, அந்த இடமே ஒரு திண்டு மாதிரி உயர்ந்திருந்தது.

மேடம் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். இலைதான் கையோடு வந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். கொடி அறுந்தது, மண் அசையவில்லை.

"எப்போ வெச்சது?"

"போன வருஷ மழையிலயே மேடம். முதல் கணு நான்தான் திரு... எடுத்துனு வந்தேன்," என்றாள் சரிதா.

"இந்த ஆடி மழைக்கு இங்க மண்ணு போகலியா?"

"போவல மேடம். அடிக்கல்லு மூடினது அதுக்கப்புறம்தான்."

அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். எல்லாக் கொல்லையும் சரிவுதான், மலையூரில் சமமான கொல்லை யாருக்கு இருக்கிறது. சில இடத்தில் ஒரு தட்டு அகலம், சில இடத்தில் ஒரு கட்டில் அகலம். எங்கே அது படர்ந்திருந்ததோ அங்கே மண் இருந்தது, படராத இடத்தில் மழைத் தண்ணீர் கீறிக்கொண்டு போயிருந்தது. அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மேடம் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மையத்துக்குத் திரும்பி வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பச்சையம்மா சோறும் துவையலும் வைத்தாள். மேடம் ஒரு வாய் சாப்பிட்டார்.

"இதுதான் அந்தச் செடியா?"

"ஆமாங்க," என்றாள் பச்சையம்மா, உயிர் போன குரலில்.

"நல்லாருக்கு." இன்னொரு உருண்டை எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மழை முடியற வரைக்கும் நான் எதையும் எழுதப் போறதில்ல. தை மாசம் வர்றேன். அதுவரைக்கும் பிள்ளைங்க ஓரத்துக்குப் போகாம ஒரு வேலி போடு."

அன்றைக்குச் சாயந்தரமே அர்ச்சுனன் மூங்கில் பிளந்து வேலி கட்டினார். அதோடு விடவில்லை. வாசலின் குறுக்கே கையகலக் கற்களை ஒரு வரிசையாகப் பதித்தார். என்ன இது என்று கேட்டேன்.

"கல்லுக்கு இந்தாண்ட வாசல், டீச்சர். இங்க பெருக்கலாம், சாணி போடலாம், கோலம் போடலாம். கல்லுக்கு அந்தாண்ட கொல்லை. அங்க பச்சை எவ்ளோ வோணா இருக்கட்டும். எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு முன்னால் கொல்லை வைத்த ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கல் வரிசை வந்த நாளிலிருந்து பச்சையம்மாவின் விளக்குமாற்றை நான் ஒளித்து வைக்கவில்லை.

முதல் கொஞ்ச நாள் தூறல்தான். அந்த அவகாசம் செடிக்குப் போதுமாக இருந்தது. பிறகு கார்த்திகையில் பிடித்தது பாருங்கள் மழை. புதூர்நாட்டில் என் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஜீப் ஓடவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஓட்டின்மேல் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும், போச்சு, இப்போது வாசல் போச்சு, இப்போது சுவர் போச்சு என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்குச் சாமி பக்தி அதிகம் கிடையாது. ஆனாலும் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஒன்றிரண்டைத் திட்டவும் செய்தேன்.

மழை விட்ட காலையில் நடந்தே போனேன். பாதை முழுக்கச் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேடு ஏறினேன். மேலே போய்ப் பார்த்தேன்.

வாசல் இருந்தது. வேலி இருந்தது. சரிவில் செந்நிறமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் என்று பயந்துகொண்டு வந்தேன். பச்சையின்மேல் வழிந்த தண்ணீர் தெளிவாக இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அன்றைக்குச் செதுக்கிச் சரிவில் கொட்டின தண்டும் வேரும், நாங்கள் யாரும் காலூன்றி நின்று நட முடியாத இடத்தில், வேர் பிடித்துத் துளிர்த்திருந்தன. பச்சையம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் குந்தி, செடியின்மேல் கிடந்த பலா இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விளக்குமாறு படியில் சாய்ந்திருந்தது.

"மண்ணு அப்டியே கீது டீச்சரு," என்றாள்.

நானும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன்.

தை மாதம் ஆனந்தி மேடம் சொன்னபடி வந்தார். குளிர் விடாத காலை, பிள்ளைகள் ஸ்வெட்டரோடு கல் வரிசையின்மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேடம் ஓரத்துக்குப் போனார், கீழே பார்த்தார், காலால் அழுத்திப் பார்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம் புதிதாக நட்டிருந்த கொடிக்கம்பத்தை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"சென்டர் இங்கேயே இருக்கட்டும்னு எழுதிட்டேன் ரேணுகா," என்றார்.

பச்சையம்மா உள்ளே ஓடிப்போய் பூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதற்குத் தூக்கிவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் என் மூக்கைச் சிந்துவதற்காக அந்தப் பக்கம் திரும்பினேன்.

திரும்பினபோதுதான் பார்த்தேன். மேடம் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். டக்கென்று ஒரு கொடியின் நுனியைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டார்.

"மேடம்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "இல்ல ரேணுகா, எங்க வீட்டுப் பின்னாடி ஒரு மாமரம். அடியில எதை வெச்சாலும் வர மாட்டேங்குது. அதான், சும்மா ஒண்ணு..."

பச்சையம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

நான் போய் மேடத்தின் பக்கத்தில் குந்தினேன். களைக்கொத்தால் ஒரு அடையை மண்ணோடு பெயர்த்தேன்.

"நுனியக் கிள்ளினா வராது மேடம்," என்றேன். "கணுவோட, வேரோட எடுக்கணும். இந்தாங்க, பைய விரிங்க."